450 அளவு எலெக்ட்ரிக் ஹெலிகாப்டர் கிட்: பூட்டுவதும் செட் பண்ணுவதும்

கேள்வி சுருக்கமாக இது. இரட்டை ரோட்டர் பொம்மை ஹெலிகாப்டர் ஓட்டிப் பழகிய ஒருவர், 450 அளவு ஃபிளைபார்லெஸ் (தலையில் ஃபிளைபார் கம்பி இல்லாத) கிட் ஒன்றை வாங்கியிருக்கிறார். எங்கே தொடங்குவது, ரிமோட்டில் என்னென்ன அமைப்பது, விலை கூடிய கைரோ யூனிட் (ஹெலிகாப்டரை நிலையாக வைக்கும் ஃபிளைபார்லெஸ் யூனிட்) ஒன்றைப் போட்டுவிட்டால் அசெம்பிளியில் வரும் சின்னக் குறைகளை அதுவே பார்த்துக்கொள்ளுமா என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பார்த்துக்கொள்ளாது. அந்த யூனிட்டுக்குள் இருக்கும் சென்சாருக்குத் தெரிவது ஒன்றுதான்: ஹெலிகாப்டர் இந்த அச்சில் இவ்வளவு வேகத்தில் திரும்புகிறது. உண்மையாகவே திரும்புகிறதா, வளைந்த ஒரு ஷாஃப்ட்டால் அதிர்கிறதா என்று அதனால் முழுசாகப் பிரித்துப் பார்க்க முடியாது. அதிர்வையும் அசைவு என்று நம்பி, நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை சர்வோக்களுக்கு, அதாவது பிளேடின் கோணத்தை மாற்றும் சின்ன மோட்டார்களுக்கு, உத்தரவு போடும். அதனால் வால் ஆடினாலும், ஹெலிகாப்டர் தானாக ஒரு பக்கம் சாய்ந்தாலும், முதலில் யூனிட்டின் செட்டிங்கைத் தோண்டாதீர்கள். அலன் கீயைக் கையில் எடுங்கள்.

பழைய மாடல்களில் பிளேடுகளுக்குக் குறுக்கே ஒரு கம்பியும் அதன் இரு முனையிலும் சின்னத் துடுப்பும் இருக்கும். அதுதான் ஃபிளைபார். பெரிய ஹெலிகாப்டர்களில் பெல் 47-இன் தலைக்கு மேல் தெரியும் ஸ்டெபிலைசர் பாரை ஆர்தர் யங் உருவாக்கினார். துடுப்பு வைத்த முறை ஸ்டான்லி ஹில்லருடையது. மாடல்காரர்கள் இரண்டையும் கலந்து பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள். இப்போது அந்த வேலையை எலெக்ட்ரானிக்ஸ் செய்கிறது. தலைப்பகுதியில் உதிரிகள் குறைந்தன, பேட்டரி கொஞ்சம் கூடுதல் நேரம் தாங்குகிறது. ஆனால் ஃபிளைபார் அதிர்வைப் பற்றிக் கவலைப்படாது; கைரோ கவலைப்படும். அதனால் இன்றைக்கு அசெம்பிளி அன்றைக்கு இருந்ததைவிடச் சுத்தமாக இருக்க வேண்டும்.

450 என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிளேடு ஒவ்வொன்றும் 325 மி.மீ. நீளம், ரோட்டர் விட்டம் சுமார் 700 மி.மீ. வழக்கமான பேட்டரி 3எஸ் (மூன்று செல்) 2200 மில்லி ஆம்பியர் மணி லிப்போ (லித்தியம் பாலிமர்). உங்கள் பொம்மையில் பிளேடின் கோணம் மாறாது, மோட்டார் வேகம் மட்டும்தான் மாறும். இதில் ரோட்டர் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்க, பிளேடின் கோணம் மாறும். நிமிடத்துக்கு 2800 சுற்று என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்: பிளேடு முனை நொடிக்கு 100 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்கு 370 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 30 கிராம் எடையுள்ள ஒரு பிளேடு அந்த வேகத்தில் ஏறத்தாழ 50 கிலோ விசையோடு வெளியே இழுக்கும். மேசைமேல் கையடக்கமாகத் தெரிகிறதே என்று இதைப் பொம்மைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கீழே சொல்லும் ஒவ்வொன்றுக்கும் காரணம் இந்த இரண்டு எண்கள்தான்.

கருவிகளில் கஞ்சத்தனம் கூடாத இடம் அலன் கீ ஒன்றுதான். 1.5, 2 மி.மீ. டிரைவர்கள், முனை கடினமான எஃகில் செய்தவையாக இருக்கட்டும். கிட்டோடு வரும் எல் வடிவக் கீ இரண்டு நாளில் மழுங்கி, ஸ்க்ரூவின் தலையையும் மழுக்கிவிடும். அப்புறம் அந்த ஸ்க்ரூவைக் கழற்றுவது ஒரு தனி வேலை. பால் லிங்க் (பந்தின்மேல் பொருந்தும் இணைப்புத் துண்டு) பிளையர், டிஜிட்டல் காலிப்பர், பிளேடின் கோணம் அளக்கும் பிட்ச் கேஜ், ஸ்வாஷ்பிளேட்டை (சர்வோக்களின் அசைவைப் பிளேடுகளுக்குக் கொண்டுபோகும் சாயும் தட்டு) சமமாக்க உதவும் லெவலர் ஆகியவையும் வேண்டும். நீல நிற, நடுத்தர வலிமை திரெட்லாக் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சின்னக் குப்பி போதும், பல வருஷம் வரும்.

திரெட்லாக் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சிலர் போடுவதே இல்லை, சிலர் குளிப்பாட்டுகிறார்கள். உலோகத்துக்குள் போகும் உலோக ஸ்க்ரூ எல்லாவற்றுக்கும் வேண்டும், பிளாஸ்டிக்குக்குள் போகும் எதற்கும் வேண்டாம். சில பிளாஸ்டிக்குகளை அது நொறுங்க வைத்துவிடும். ஸ்க்ரூவில் ஆலையிலிருந்தே எண்ணெய்ப் படலம் இருக்கும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடைக்காமல் போட்டால் திரெட்லாக் பிடிக்காது. ஒரு குண்டூசியால் தொட்டு, மரையின் பாதிச் சுற்றில் தடவினால் போதும். பேரிங் பக்கம் ஒரு துளி போனாலும் பேரிங் போயிற்று. பின்னால் கழற்ற வேண்டியிருந்தால், சோல்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூ தலையில் சில நொடி வைத்துச் சூடாக்குங்கள், பிடி இளகும்.

இன்னொன்று: பல கிட்களில் ரோட்டர் ஹெட், டெயில் பெட்டி, ஃபிரேம் எல்லாம் ஆலையிலேயே பூட்டி வரும். அது பார்வைக்கு மட்டும்தான் பூட்டியது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கையேட்டிலேயே ‘கழற்றித் திரெட்லாக் போட்டுத் திரும்பப் பூட்டவும்’ என்று மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும். ஒவ்வொன்றையும் கழற்றி, துடைத்து, திரும்பப் பூட்டுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் இதில்தான் மெஷினை நீங்கள் தெரிந்துகொள்வீர்கள். முதல் விபத்துக்குப் பிறகு எதை எப்படிக் கழற்றுவது என்று தேட வேண்டியிருக்காது.

ஃபிரேமில் தொடங்குங்கள். இரண்டு பக்கத் தகடுகளையும் பேரிங் பிளாக்குகளையும் எல்லா ஸ்க்ரூவும் போட்டு, ஆனால் எதையும் இறுக்காமல், விரல் இறுக்கத்தில் மட்டும் விடுங்கள். இப்போது மெயின் ஷாஃப்ட்டை மேலிருந்து செருகுங்கள். அது இரண்டு பேரிங்குகளையும் தானே நேர்க்கோட்டுக்குக் கொண்டுவரும். ஃபிரேமை ஒரு கண்ணாடிமேல் நிறுத்தி, அடித்தகடு நான்கு மூலையிலும் படிகிறதா என்று பார்த்து, மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒவ்வொரு இறுக்கலுக்கும் பிறகு ஷாஃப்ட்டை மேலே இழுத்து விட்டுப் பாருங்கள். தன் எடையிலேயே வழுக்கிக் கீழே இறங்க வேண்டும். எந்த ஸ்க்ரூவை இறுக்கியபோது அது சிக்க ஆரம்பித்ததோ, அந்த இடத்தில் ஃபிரேம் முறுக்கிக்கொண்டிருக்கிறது. தளர்த்தி மறுபடி. கார்பன் தகடாக இருந்தால் வயர் உரசும் ஓரங்களை நைசான உப்புத்தாளால் ஈரம் தொட்டுத் தேயுங்கள். கார்பனில் மின்சாரம் பாயும்; வயரின் தோல் உரிந்தால் ஷார்ட். காய்ந்த தூளாகத் தேய்த்து மூச்சில் இழுக்காதீர்கள்.

அடுத்தது ஹெட். நடுவில் ஃபெதரிங் ஷாஃப்ட், அதன் இரு பக்கமும் ரப்பர் டேம்பர், அதற்கு வெளியே பிளேடு கிரிப், கிரிப்புக்குள் இரண்டு சாதாரண பேரிங்கும் ஒரு த்ரஸ்ட் பேரிங்கும். மேலே சொன்ன 50 கிலோவைத் தாங்குவது அந்த த்ரஸ்ட் பேரிங்தான். அது மூன்று துண்டு: இரண்டு வளையம், நடுவில் குண்டுகள் உள்ள கூடு. இரண்டு வளையமும் பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும். காலிப்பரால் அளந்தால் ஒன்றின் உள்விட்டம் நூலிழை பெரிது. பெரிய துளை உள்ள வளையம் உள்பக்கம், அதாவது ஹெட்டின் மையத்தைப் பார்த்து. சின்னத் துளை உள்ளது வெளியே, போல்ட் பக்கம். மாற்றிப் போட்டாலும் பூட்டிவிட முடியும், கையால் திருப்பினால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. ரோட்டர் வேகம் பிடித்ததும்தான் கிரிப் இறுகி, சர்வோக்கள் திணறும். கூட்டில் கிரீஸ் நிறைய வையுங்கள். போல்ட் மரையில் கிரீஸ் படாமல் துடைத்துவிட்டுத் திரெட்லாக் போடுங்கள். ஃபெதரிங் ஷாஃப்ட்டைப் போடும் முன் கண்ணாடிமேல் உருட்டுங்கள். கீழே வெளிச்சம் சிமிட்டினால் வளைவு. புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்ததிலும் இருக்கும்.

ஹெட்டை மெயின் ஷாஃப்ட்டோடு சேர்க்கும் குறுக்கு போல்ட்டுக்கு இந்த வட்டாரத்தில் ‘ஜீசஸ் போல்ட்’ என்று பெயர். அது கழன்றால் கூப்பிட வேறு யாரும் இல்லை என்ற அர்த்தத்தில். நட்டு நைலான் வளையம் உள்ளதாக இருக்கட்டும், பழசைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

பால் லிங்க்குகளில் ஒரு பக்கம் எழுத்து பொறித்திருக்கும் பட்சத்தில், அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி அழுத்திப் பொருத்துங்கள். பொருத்திய பிறகு ஒவ்வொரு லிங்க்கையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். தன் எடையில் விழ வேண்டும். தடதடவென்று ஆடவும் கூடாது. இறுக்கமாக இருந்தால், பந்தின்மேல் இருக்கும்போதே பிளையரால் மெதுவாக ஒரு அழுத்து. இந்த ஒரு சோதனையைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு ‘ஸ்வாஷ்பிளேட் நடுவுக்குத் திரும்பவில்லை’ என்று வருகிறார்கள்.

மோட்டார் பினியனின் (மோட்டார் தண்டில் உள்ள சின்னப் பல்சக்கரம்) கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ), மோட்டார் ஷாஃப்ட்டில் தட்டையாகச் சீவிய இடத்தில் உட்கார வேண்டும். பினியனுக்கும் மெயின் கியருக்கும் நடுவே ஒரு மெல்லிய காகிதத்தைக் கொடுத்து, மோட்டாரைத் தள்ளி இறுக்கி, காகிதத்தைச் சுற்றி வெளியே எடுங்கள். மெயின் கியரை முழுச் சுற்றுச் சுற்றி எல்லா இடத்திலும் பல்லுக்குப் பல் நூலளவு ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். பிளாஸ்டிக் கியர் எதுவும் முழு வட்டமாக இருக்காது. அதன் மிக இறுக்கமான இடத்தில்தான் இந்த இடைவெளியை அமைக்க வேண்டும்.

பெல்ட் டெயில் என்றால், பெல்ட் பூமுக்குள் (வாலைத் தாங்கும் நீளக் குழாய்) 90 டிகிரி முறுக்கிக்கொண்டு போகும். முறுக்கைத் தவறான பக்கம் கொடுத்தால் டெயில் ரோட்டர் எதிர்ப்புறம் சுற்றும். பூமை இறுக்குவதற்கு முன் மெயின் ரோட்டரைக் கையால் மேலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றில் திருப்பி, டெயில் பிளேடின் தடித்த விளிம்பு முன்னால் போகிறதா என்று உறுதி செய்யுங்கள். பெல்ட்டின் இரு பக்கத்தையும் ஒரு கீயால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கித் திரும்பிவர வேண்டும், ஒன்றையொன்று தொடக் கூடாது. மிகவும் இறுக்கினால் பேரிங்கும் பேட்டரியும் வீண். தொளதொளவென்று விட்டால் பல் தாவி, வால் நழுவும். வறண்ட காற்றில் பெல்ட் உரசி நிலைமின் பொறி உண்டாக்குவதும் உண்டு. சர்வோக்கள் காரணமில்லாமல் துடித்தால், உலோகப் பூமையும் ஃபிரேமையும் மோட்டார் உறையோடு ஒரு மெல்லிய வயரால் இணைத்துப் பாருங்கள்.

இனி எலெக்ட்ரானிக்ஸ். முதல் வேலை: மோட்டாரின் மூன்று வயர்களையும் ஈ.எஸ்.சி.யிலிருந்து (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) கழற்றிவிடுங்கள். மெயின் பிளேடும் வேண்டாம். செட்டிங் முடியும் வரை அப்படியே இருக்கட்டும். ரிமோட்டில் ஒரு ஸ்விட்சை த்ராட்டில் ஹோல்டாக அமைத்து, அதைப் போட்டால் மோட்டாருக்கு எந்தச் சிக்னலும் போகாது என்பதை உறுதி செய்யுங்கள். ஃபெயில்சேஃப்பும் அப்படியே: ரிமோட்டை அணைத்தால் த்ராட்டில் பூஜ்யத்துக்குப் போக வேண்டும். சில ரிசீவர்கள் சிக்னல் போனதும் கடைசி நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஹெலிகாப்டரில் அது ஆபத்து.

ரிமோட்டில் ஹெலிகாப்டர் மாடலைத் தேர்ந்தெடுத்ததும் ஸ்வாஷ்பிளேட் வகை கேட்கும். உங்கள் மெஷினில் 120 டிகிரியில் மூன்று சர்வோ இருப்பதைப் பார்த்து ‘120’ என்று கொடுக்கத் தோன்றும். கொடுக்காதீர்கள். சாதாரண, ஒரு சர்வோ வகையையே கொடுங்கள். மூன்று சர்வோக்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் வேலையை ஃபிளைபார்லெஸ் யூனிட் செய்கிறது. ரிமோட்டும் அதையே செய்தால் கலவைமேல் கலவையாகி, குச்சியை முன்னால் தள்ளினால் ஸ்வாஷ்பிளேட் எங்கோ ஒரு மூலைக்குச் சாயும். அதே காரணத்துக்காக ரிமோட்டில் டிரிம், சப்-டிரிம் (நடுநிலையைக் கொஞ்சம் நகர்த்தும் அமைப்புகள்) எல்லாம் பூஜ்யம். பறக்கும்போது டிரிம் பட்டனைத் தொட்டால், தொடர்ந்து மெதுவாகத் திரும்பு என்ற உத்தரவாகத்தான் யூனிட் அதை எடுத்துக்கொள்ளும்.

யூனிட்டில் சர்வோ வகையைக் கேட்கும் இடத்தில் நிதானம். டிஜிட்டல் சர்வோ நொடிக்கு 333 தடவை வரை சிக்னல் வாங்கும் வகையாக இருக்கலாம். அனலாக் சர்வோவுக்கு 50 சுற்றுவட்டாரம்தான். அனலாக்குக்கு உயர்ந்த வேகத்தைக் கொடுத்தால் சில நிமிடத்தில் புகை. டெயில் சர்வோவிலும் நடு பல்ஸ் 1520 மைக்ரோ செகண்டா 760-ஆ என்று சர்வோவின் விவரத்தாளைப் பார்த்துக் கொடுங்கள். ஈ.எஸ்.சி. கொடுக்கும் வோல்டேஜையும் சர்வோ தாங்குகிறதா என்று கூடவே பாருங்கள்.

யூனிட்டின் செட்டப் மெனுவில் சர்வோக்கள் நடுநிலைக்கு வந்து நிற்கும் படி ஒன்று இருக்கும். அதில் நிறுத்திவிட்டு, சர்வோ ஹார்னை லிங்க்குக்கு 90 டிகிரியில் பொருத்துங்கள். சர்வோ தண்டின் பற்கள் பொதுவாக நான்கால் வகுபடாத எண்ணிக்கையில் இருக்கும். அதனால் நான்கு கை ஹார்னில் ஒவ்வொரு கையும் கொஞ்சம் வேறு கோணத்தில் உட்காரும். நான்கையும் முயன்று, 90-க்கு மிக நெருங்கியதை வைத்துக்கொண்டு மற்ற மூன்றை வெட்டிவிடுங்கள். மிச்சம் இருக்கும் ஒன்றிரண்டு டிகிரிக்கு யூனிட்டின் உள்ளே டிரிம் கொடுக்கலாம். முழுக்க டிரிமால் சரிசெய்தால் ஒரு சர்வோ மேலே போகும் தூரமும் கீழே போகும் தூரமும் வேறாகி, கலெக்டிவ் (எல்லாப் பிளேடின் கோணத்தையும் ஒன்றாக மாற்றுவது) ஏற்றும்போதே ஸ்வாஷ்பிளேட் சாயும். எழும்பும்போதெல்லாம் ஒரே பக்கம் இழுக்கும் ஹெலிகாப்டரில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பிறகு லெவலரை மெயின் ஷாஃப்ட்டில் செருகி, லிங்க் நீளத்தை மாற்றி ஸ்வாஷ்பிளேட்டைச் சமமாக்குங்கள். கலெக்டிவ் குச்சி நடுவில் இருக்கும்போது பிளேடு கோணம் பூஜ்யம். இதற்கு மெயின் பிளேடை மாட்டித்தான் அளக்க வேண்டும்; மோட்டார் வயர் கழற்றியே இருக்கிறது என்பதை மறுபடி ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மேல் லிங்க்கை ஒரு சுற்றுத் திருப்பினாலே கோணம் ஒரு டிகிரிக்கு மேல் மாறும், ஆகவே அவசரம் வேண்டாம். இரண்டு பிளேடையும் பின்னால் பூம் பக்கம் மடக்கிப் பிடித்தால், பூஜ்யத்தில் இரண்டும் ஒன்றோடொன்று சமமாகப் படியும். பிட்ச் கேஜ் சொல்வது சரிதானா என்று பார்க்க இது நல்ல வழி. அதன்பின் முழு மேலே, முழுக் கீழே இரண்டிலும் 10 முதல் 11 டிகிரி வரும்படி யூனிட்டில் அளவை அமைத்துக்கொள்ளுங்கள். சைக்ளிக்குக்கு (ஹெலிகாப்டரைச் சாய்க்க, சுற்றின்போது பிளேடின் கோணம் மாறுவது) பல யூனிட்கள் 6 டிகிரி அமைக்கச் சொல்லும். சொன்னதைச் சொன்னபடி செய்யுங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் அது மற்றக் கணக்கைப் போடுகிறது. கூட்டினால் வேகமாகத் திரும்பும் என்று நினைத்து 8 வைத்தால் நடுக்கம்தான் மிஞ்சும்.

கற்றுக்கொள்ளும்போது அந்த முழு அளவும் உங்களுக்குத் தேவையில்லை. ரிமோட்டின் பிட்ச் கர்வில் (குச்சியின் எந்த நிலைக்கு எத்தனை டிகிரி என்ற அமைப்பு) கீழ்முனை மைனஸ் 2, மேல்முனை 9 டிகிரி என்று குறைத்துக்கொள்ளுங்கள். அந்தரத்தில் நிற்க 5 டிகிரி சுற்றுவட்டாரத்தில் வேண்டியிருக்கும். மைனஸ் கொஞ்சமாவது இருக்கட்டும், காற்றடிக்கும்போது இறக்க அது வேண்டும்.

அடுத்து வரும் சோதனையைத் தாண்டிப் போனவர்களின் ஹெலிகாப்டர் தரையை விட்டு எழும்பும் முன்பே கவிழ்ந்திருக்கிறது. திசைச் சோதனையில் இரண்டு பகுதி. முதலாவது, குச்சி: முன்னால் தள்ளினால் ஸ்வாஷ்பிளேட் முன்னால் சாய வேண்டும், வலமென்றால் வலம், கலெக்டிவ் ஏற்றினால் மூன்றும் ஒன்றாக மேலே. இரண்டாவது, சென்சார்: குச்சியைத் தொடாமல் ஹெலிகாப்டரைக் கையில் தூக்கி மூக்கைச் சட்டென்று கீழே சாயுங்கள். ஸ்வாஷ்பிளேட் பின்னால் சாய வேண்டும், தரைக்குச் சமமாக இருக்க முயல்வதுபோல. வலப்பக்கம் சாய்த்தால் அது இடப்பக்கம். வாலுக்கு: ரடர் குச்சியை வலப்பக்கம் தள்ளி, டெயில் பிளேடை நகர்த்தும் ஸ்லைடர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து வையுங்கள். இப்போது குச்சியை விட்டு, ஹெலிகாப்டரின் மூக்கைக் கையால் இடப்பக்கம் திருப்புங்கள். ஸ்லைடர் அதே பக்கம் போக வேண்டும். எதிர்ப்பக்கம் போனால் சென்சார் திசையை யூனிட்டில் மாற்றுங்கள், ரிமோட்டில் அல்ல. குச்சி சரியாக வேலை செய்கிறது என்பதால் சென்சாரும் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, இரண்டும் தனித்தனி.

மேசைமேல் வைத்துக் குச்சியை அசைத்துவிட்டு விட்டால், டெயில் ஸ்லைடர் நடுவுக்கு வராமல் ஓரத்திலேயே நிற்கும், ஸ்வாஷ்பிளேட்டும் சாய்ந்தபடி இருக்கும். பயப்பட வேண்டாம். திரும்பு என்று சொன்னீர்கள், மேசையில் அதனால் திரும்ப முடியவில்லை, இன்னும் முயன்றுகொண்டிருக்கிறது. இதைச் சரிசெய்கிறேன் என்று யாரும் சப்-டிரிம் கொடுத்துவிடாதீர்கள்.

யூனிட்டை ஒட்டும் இடம் சமமாக, எண்ணெய் இல்லாமல் இருக்கட்டும். அதோடு வந்த இருபக்க ஃபோம் டேப்பே போதும். வயர்களை விறைப்பாகக் கட்டினால் ஃபிரேமின் அதிர்வு வயர் வழியாக யூனிட்டுக்குப் போகும். கடைசி சில சென்டிமீட்டர் தளர்வாகத் தொங்கட்டும்.

ஈ.எஸ்.சி.யில் பிரேக் வேண்டாம், சாஃப்ட் ஸ்டார்ட் வேண்டும், பேட்டரி தீரும்போது சட்டென்று நிறுத்தாமல் மெதுவாகக் குறைக்கும் முறை வேண்டும், கவர்னர் (ரோட்டர் வேகத்தை ஒரே அளவில் வைப்பது) இருந்தால் அதையும் போடுங்கள். ரோட்டர் வேகக் கணக்கு எளிது. 3500 கே.வி. (வோல்ட்டுக்கு இத்தனை சுற்று) மோட்டார், 11.1 வோல்ட், 150 பல் மெயின் கியர், 13 பல் பினியன் என்றால் சுமையில்லாமல் 3370 சுற்று. சுமையோடு அதில் 85 சதவீதம் என்று வைத்தால் 2850 வரும். வித்தை காட்டுகிறவர்களுக்கு அது சரி. உங்களுக்கு 2400 போதும், எல்லாமே கொஞ்சம் நிதானமாக நடக்கும். த்ராட்டிலைப் பாதியாக்கி அந்த 2400-ஐக் கொண்டுவரப் பார்க்காதீர்கள், ஈ.எஸ்.சி. சூடாகும். 11 பல் பினியன் போட்டு த்ராட்டிலை மேலேயே வையுங்கள்.

இப்போது பிளேடு. இரண்டையும் தராசில் வைத்து எடை பாருங்கள், பிறகு ஒவ்வொன்றும் எந்த இடத்தில் சமநிலை கொள்கிறது என்று பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இலேசான பிளேடில் டேப் ஒட்டிச் சரிக்கட்டலாம். பிளேடு போல்ட்டின் இறுக்கம்: ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் சாய்த்தால் பிளேடு நிற்க வேண்டும், ஒரு குலுக்கு குலுக்கினால் தொங்க வேண்டும். பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி, பிளேடு கிரிப்புகளைப் பிடித்துத் தூக்கினால் பூம் தரைக்குச் சமமாக நிற்கும்படி செய்யுங்கள். மூக்கு இம்மி தாழ்ந்தாலும் பரவாயில்லை.

மோட்டார் வயர்களை மாட்டி, இரண்டு ரோட்டரின் பிளேடுகளும் இல்லாமல் சில நொடி ஓட்டிச் சுற்றும் திசை பாருங்கள். எதிர்ப்புறம் சுற்றினால் மூன்று வயரில் ஏதேனும் இரண்டை மாற்றுங்கள். இந்த வெற்று ஓட்டத்திலேயே அதிர்வு இருந்தால் தவறு மோட்டார், கியர், மெயின் ஷாஃப்ட் பக்கம். அது இல்லை என்றால் டெயில் பிளேடை மட்டும் மாட்டிப் பாருங்கள். அப்புறம் மெயின் பிளேடு. இந்த வரிசையில் போனால், அதிர்வு எந்தக் கட்டத்தில் நுழைந்ததோ அங்கேதான் குறை. எல்லாவற்றையும் மாட்டிவிட்டு ‘எங்கிருந்தோ அதிர்கிறது’ என்று தேடினால் ஒரு வாரம் போகும்.

முதல் ஓட்டம் ஆளில்லாத திறந்தவெளியில், பத்து மீட்டராவது தள்ளி நின்று. ரோட்டரின் தளத்துக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது, நீங்களும் கூட. வேகம் பிடித்ததும் வால் துடுப்பின் விளிம்பைப் பாருங்கள். தெளிவான ஒரே கோடாகத் தெரிந்தால் நல்லது. இரண்டாகப் பிரிந்து மங்கினால் இறக்கிவிட்டுக் காரணம் தேடுங்கள். ஒரு பிளேடு முனையில் வண்ண டேப் ஒட்டியிருந்தால், எந்தப் பிளேடு மேலே ஓடுகிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். அதன் லிங்க்கை அரைச் சுற்றுக் குறையுங்கள், அல்லது மற்றதைக் கூட்டுங்கள். நடுவில் பூஜ்யம் எதில் கெடாதோ அதை.

தரையைவிட்டு எழும்பியதும் அரை மீட்டரில் தயங்கி நிற்காதீர்கள். தன் காற்றே தரையில் மோதித் திரும்பிவந்து ஹெலிகாப்டரைத் தள்ளும் உயரம் அது. ஒன்றரை மீட்டரில் நின்றால் கட்டுப்படுத்த எளிது. அந்தரத்தில் நிற்கும்போது உடல் இலேசாக வலப்பக்கம் சாய்ந்திருப்பது இயல்பு: கடிகாரச் சுற்றில் ஓடும் மெயின் ரோட்டரின் எதிர்விசையைச் சமாளிக்க டெயில் ரோட்டர் இடப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது, அந்தத் தள்ளலைச் சாய்வு ஈடுகட்டுகிறது. வால் வேகமாக நடுங்கினால் கெயினை (யூனிட் திருத்தும் தீவிரம்) குறையுங்கள். மெதுவாக ஊஞ்சலாடினால் கெயினைக் கூட்டுவதற்கு முன் பெல்ட் தளர்வையும் ஸ்லைடர் சிக்குவதையும் பாருங்கள். அநேகமாக அங்கே ஒன்று இருக்கும்.

ஓட்டும் கலையைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்வேன். இரட்டை ரோட்டர் பொம்மை தானே நிலையாக நிற்கும், இது நிற்காது. அதில் பழகிய கை இதில் உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம். இதே ரிமோட்டை இணைத்துக் கம்ப்யூட்டர் சிமுலேட்டரில், வால் உங்களைப் பார்த்தபடி அந்தரத்தில் நிறுத்துவது சலிக்கும் வரை பழகிவிட்டு வாருங்கள். ஹெலிகாப்டரின் கால்களில், முனையில் பந்து வைத்த பயிற்சிக் குச்சிகளைக் கட்டுவதில் வெட்கம் வேண்டாம்.

பேட்டரியை 1சி-யில், அதாவது 2.2 ஆம்பியரில், பேலன்ஸ் சார்ஜரில் ஏற்றுங்கள், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். செல்லுக்கு 4.2 வோல்ட் நிறைவு. டைமரை முதலில் நான்கு நிமிடம் வையுங்கள். இறக்கிச் சூடு ஆறிய பிறகு சார்ஜர் திரும்ப ஏற்றிய அளவைப் பாருங்கள்: 2200-இல் 80 சதவீதமான 1760-ஐத் தாண்டினால் டைமரைக் குறையுங்கள், நன்றாகக் குறைவாக இருந்தால் கூட்டுங்கள். சில நாள் ஓட்டப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். முழுசாக ஏற்றி வைத்தால் உப்பும்.

முதல் இரண்டு மூன்று பேட்டரிக்குப் பிறகு ஒவ்வொரு ஸ்க்ரூவையும் டிரைவரால் தொட்டுப் பாருங்கள், தளர்வது பெரும்பாலும் அப்போதுதான். பிளேடு எதையாவது தட்டியிருந்தால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் ஃபெதரிங் ஷாஃப்ட்டை மாற்றிவிடுங்கள். மெயின் ஷாஃப்ட்டைக் கண்ணாடியில் உருட்டுங்கள், மெயின் கியரின் பற்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள், பேட்டரியைக் கழற்றிவிட்டு சர்வோ ஹார்னை ஓரத்திலிருந்து ஓரம் வரை கையால் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் எங்காவது ‘டக்’ என்று தாவினால் உள்ளே பல் உடைந்திருக்கிறது. அந்த சர்வோவை மாற்றாமல் திரும்பப் பறக்கவிடாதீர்கள்.